ஆத்தைத் தாண்டணும்ல

2022 கடைசியில் அம்மாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள், பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு மாமாவின் காரில் போய் வந்தோம். சுமார் 60 கிலோமீட்டர். நாற்கரச் சாலை என்பதால் பாடாலூர், சமயபுரம் எல்லாம் கண்ணாடியில் ஓடி மறையும். நம்பர் ஒன் டோல்கேட் தாண்டியதும் கொள்ளிடம், அப்புறம் காவிரி. ரெண்டையும் புறவழிச்சாலையிலேயே கடந்துவிடலாம். மதுரை லாரிகளுக்கு ஊருக்குள் வேலையே இல்லை. இந்த ரோடு மட்டும் இல்லன்னா என்று மாமா தினமும் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் 1976-இல் திறந்த நகரத்துக் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடினார்கள். ஸ்ரீரங்கம் பஸ்கள் எல்லாம் எங்கள் சாலைக்கு வந்துவிட்டன. நாற்பது நிமிடத்தில் டோல்கேட். அங்கிருந்து சஞ்சீவி நகர் சிக்னலைத் தாண்ட இன்னொரு நாற்பது. ஒருநாள் எங்கள் முறை தவறியே போனது. மாமா ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"விடு தம்பி. ரோட்டை எவ்ளோ அகலமாப் போட்டாலும் ஆத்தைத் தாண்டணும்ல" என்றார் அம்மா.

ஆற்றங்கரை ஊருக்குச் சாலையின் அகலத்தைவிடப் பாலங்களின் எண்ணிக்கைதான் முக்கியம். அதை நான் கற்றது அந்த வரிசையில்தான், அம்மாவின் கையைப் பிடித்தபடி.