கென்யா போகும் முன் ஊருக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கென்யாவுக்குப் போகிறோம் என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. சம்பளம் எவ்வளவு என்றும் சிலர் கேட்கிறார்கள். சம்பளம் இல்லை. தவணை விடுமுறையோடு சம்பளமற்ற லீவையும் சேர்த்து எட்டு வாரங்கள், மொம்பாசாவுக்குத் தெற்கே குவாலே பகுதிப் பாடசாலைகளில் மலேரியா தடுப்பு வேலைக்குத் தொண்டர்களாகப் போகிறோம். டிக்கெட்டும் எங்கள் செலவுதான்.

"இஞ்ச டெங்கு கிடக்கக்குள்ள அங்க என்னத்துக்குப் போறீங்க?" என்று சந்தியில் ஒரு காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பாடசாலை வளவில் வாராவாரம் நாங்கள் செய்யும் டெங்குத் துப்புரவு நிற்காது. உயர்தர மாணவர்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு.

1934-35இல் இந்த நாட்டில் சுமார் 80,000 பேர் மலேரியாவால் மௌத்தானார்கள். 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளர்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் காய்ச்சலில் விழுந்தார்கள். குளிர் காய்ச்சலும் கொயினாக் கசப்பும் நம் மூத்தம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். பிறகு வீடு வீடாகப் போய், காய்ச்சல் கண்டவர்களின் விரலில் இரத்தம் எடுத்துப் பரிசோதித்த வெளிக்கள ஊழியர்களின் பல்லாண்டு உழைப்பால் 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம்மை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இன்று எங்கள் மாணவர்களுக்கு மலேரியா விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் ஒரு சொல் மட்டும்தான். குவாலேப் பிள்ளைகளுக்கு அது வகுப்பில் வெறுமையாகும் கதிரை. இது ஒழிக்கக்கூடிய நோய் என்று அவர்களுக்குச் சொல்ல, ஒழித்த நாட்டவர்கள் போவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆயத்தங்கள் நடக்கின்றன. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவன வளவில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டோம். பத்து நாட்களின் பின்னரே அந்த அட்டை செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுவதற்கும் போதும். கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள். மலேரியாக் குளிசை வாரத்துக்கு ஒன்று. புறப்பட இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்கி, வந்த பின்னும் நான்கு வாரங்கள் விடாமல் குடிக்க வேண்டும்.

பின்னேரங்களில் சுவாஹிலி படிக்கிறோம். ஆசிரியர் 'ம்வாலிமு', புத்தகம் 'கிடாபு', மருந்து 'டாவா', இரத்தம் 'டாமு'. ஓதப்பள்ளியில் முஅல்லிமிடம் கிதாபு ஓதிய எங்களுக்கு அகராதியே தேவைப்படவில்லை. ஆனால் பயிற்சி தந்தவர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: வகுப்பின் முன்னால் நிற்பவர் அந்த ஊர் ஆசிரியர், நீங்கள் அவருக்குத் துணை. எட்டு வாரத்தில் நாங்கள் வந்துவிடுவோம், அவர்தான் அங்கே இருக்கப்போகிறவர்.

எங்களில் ஒருவரின் உம்மா இன்னும் மனதாரச் சம்மதிக்கவில்லை. யுத்த காலத்தில் மூளை மலேரியாவுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வரக்குள்ள அந்தக் காய்ச்சலக் கொண்டு வந்திராத மகன்."

எங்கள் வேண்டுகோளும் அதுதான். நோய் போய்விட்டாலும், அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. கிருமியைச் சுமந்து வரும் ஒருவரை அது கடித்தால் போதும், 1963க்குப் பிறகு நடந்தது மீண்டும் தொடங்கலாம்.

ஆகவே, நாங்கள் வந்து ஒரு வருடத்துக்குள் எங்களில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும், பனடோலைக் குடித்துவிட்டுப் படுக்க விடாதீர்கள். ஆபிரிக்கா போய் வந்தவர் என்று வைத்தியரிடம் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கச் செய்யுங்கள். அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். மாணிக்கக்கல் வியாபாரத்துக்கு மடகஸ்கார் போய் வரும் நம் சகோதரர்களுக்கும் இதே பேச்சுத்தான். அவர்கள் புறப்படும் முன் மலேரியா தடுப்பு இயக்கத்திடம் கேட்டால் குளிசையும் இலவசமாகக் கிடைக்கும்.

உங்கள் துஆக்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்ததும் பயணம் எப்படி என்று கேட்பதற்கு முன், குளிசையை முழுதாகக் குடித்து முடித்தீர்களா என்று கேளுங்கள்.