ஒரு வினவல், பல களஞ்சியங்கள்: ஸ்பிரிங்வெளி நாட்குறிப்பு

ஜூலை 6

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் ஓரிடத்தில் இல்லை. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிம வடிவில் திரட்டி இலவசமாகத் தரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் மலையக வெளியீடுகள் பல உள்ளன; அரச ஆவணங்கள் கொழும்பிலும் பதுளைக் கச்சேரியிலும் இருக்கின்றன; 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களைப் பற்றிய தாள்கள் தமிழ்நாட்டில் சிதறிக் கிடக்கின்றன; தோட்டக் கம்பனிகளின் பழைய அறிக்கைகளைத் தேடுவோர் இலண்டன் வரை போக வேண்டியுள்ளது. நமுனுகுல மலைச்சரிவிலுள்ள ஸ்பிரிங்வெளியில் இருந்துகொண்டு தன் தோட்டத்தின் கடந்த காலத்தைத் தேடும் ஒருவர் ஒரு முறை கேட்டால் இவ்விடங்கள் எல்லாம் சேர்ந்து விடை தர வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஒரே கேள்வியைப் பல கணினிகளுக்கு அனுப்பி, அவை தனித்தனியே தரும் விடைகளை ஒரே வரிசையாகத் தொகுக்கும் இம்முறையே பரவல் வினவல் எனப்படுகிறது. இக்குறிப்புகள் அதைப் பற்றியும், அதனுடன் இன்று பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்ட காவித் தேடலைப் பற்றியும் எழுதப்படுகின்றன.

ஜூலை 9

தமிழ்நாட்டில் திசையன் எனப்படுவதையே இலங்கைப் பாடநூல்கள் காவி என்கின்றன. தேடுபொறியைப் பொறுத்தவரை காவி என்பது ஓர் ஆவணத்துக்கோ வினவலுக்கோ தரப்படும் நீண்ட எண்வரிசை. பொருளால் நெருங்கிய இரண்டு ஆவணங்களின் எண்வரிசைகள் அவ்வெண்வெளியில் ஒன்றுக்கொன்று அருகில் விழும். ஜெரார்டு சால்டனும் அவருடைய துணையாசிரியர்களும் 1975 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆவணங்களைக் காவிகளாகக் கருதியபோது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு திசை இருந்தது. இன்றைய நரம்பு வலைப்பின்னல் மாதிரிகளோ, 2020 இல் கூகுள் வெளியிட்டதும் தமிழும் சிங்களமும் உட்பட 109 மொழிகளுக்குப் பயிற்றப்பட்டதுமான லாப்ஸே போன்றவை, சொற்களைத் தாண்டி ஒரு வாக்கியம் முழுவதன் பொருளையும் சில நூறு எண்களில் அடைத்துவிடுகின்றன. இதனால் "லயத்துக் கூரை ஒழுகுகிறது" என்று தேடுபவருக்கு, அச்சொற்களில் ஒன்றுகூட இல்லாத "தொழிலாளர் குடியிருப்புகளின் தகரங்கள் துருப்பிடித்துள்ளன" என்ற அறிக்கைப் பக்கமும் கிடைக்கக் கூடும்.

ஆனால் காவி இடப்பெயர்களில் தடுமாறுகிறது. ஸ்பிரிங்வெளியும் தெமோதரையும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் என்பதால் அவற்றைப் பற்றிய பக்கங்கள் எண்வெளியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தன் பாட்டனார் பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கும் கூட்டத்தில், நின்ற தோட்டத்தைத் தேடுபவருக்கு அந்த நெருக்கத்தால் பயன் ஏதுமில்லை. ஆகவே பழைய சொல் தேடலைக் கைவிடாமல் இரண்டையும் இணைக்கும் கலப்புத் தேடலே மலையகச் சான்றுகளுக்குப் பொருந்தும்.

ஜூலை 15

காவிகள் இலட்சக்கணக்கில் பெருகும்போது வினவலை ஒவ்வொன்றுடனும் ஒப்பிடுவது நேரத்தை விழுங்கும் என்பதால், யூரி மால்கோவ், த்மித்ரி யஷூனின் ஆகியோர் 2016 இல் முன்வைத்த பலபடி வலைப்பின்னல் முறையை இன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. மேற்படியில் சில காவிகள் மட்டும் நீண்ட இணைப்புகளுடனும், கீழ்ப்படியில் எல்லாக் காவிகளும் குறுகிய இணைப்புகளுடனும் இருக்கும். கொழும்பிலிருந்து வருபவர் பதுளை வரை ரயிலிலும், அங்கிருந்து தோட்டம் வரை பஸ்ஸிலும், அதன்பின் லயம் வரை ஒற்றையடிப் பாதையிலும் வருவதுபோல, வினவலும் மேற்படியில் பெருந்தூரத்தைக் கடந்து படிப்படியாக இறங்கித் தன் அண்டையை அடைகிறது. கிடைப்பவை மிக நெருங்கிய காவிகள்தாம் என்பதற்கு உறுதி கிடையாது. உண்மையான முதல் பத்தில் எத்தனையை அது பிடித்தது என்பதே மீட்பு வீதம். வேகத்துக்கும் மீட்பு வீதத்துக்கும் இடையே எங்கே நிற்பது என்பதைத் தேடுபொறியை நடத்துபவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இம்முறை நினைவகத்தைப் பெரிதும் கேட்கிறது. 768 எண்கள் கொண்ட காவிகள் 10 இலட்சம் இருப்பின், எண்ணொன்றுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 3 ஜிகாபைட் இடம் வேண்டும், வலைப்பின்னலுக்கான இடம் தனி. ஒவ்வோர் எண்ணையும் ஒரே பைட்டாகச் சுருக்கினால் அது கால்வாசியாகும். ஒரே பிட்டாகச் சுருக்கினால் 96 மெகாபைட்டில் அடங்கிவிடும். சுருக்கிய காவிகளால் நூறு விடைகளைத் தெரிந்து, அவற்றை மட்டும் முழுக் காவிகளால் மறுபடியும் வரிசைப்படுத்தினால் இழந்த துல்லியத்தின் பெரும்பகுதி திரும்பிவிடும். மைக்ரோசாஃப்டின் இந்திய ஆய்வகத்தினர் பங்கேற்று 2019 இல் வெளியிட்ட டிஸ்க்ஏஎன்என் இன்னொரு வழியைக் காட்டியது: முழுக் காவிகளையும் வலைப்பின்னலையும் திண்மநிலை வட்டில் வைத்து, சுருக்கியவற்றை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, 64 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரே கணினியில் நூறு கோடிக் காவிகளைத் தேட முடிந்தது.

ஜூலை 28

மேற்சொன்னவை எல்லாம் எழுத்து சரியாக உள்ளே வந்தால்தான். பாமினி எழுத்துருவில் தட்டச்சான இலங்கைத் தமிழ்க் கோப்புகளிலிருந்து பாடத்தைப் பிரித்தெடுத்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியலே வருகிறது. அதை ஒருங்குறிக்கு மாற்றாமல் கொடுத்தால் மாதிரி அந்தக் குவியலுக்கும் ஒரு காவியைத் தயங்காமல் தந்துவிடும். சொல் தேடலில் பிழையான பாடம் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும், காவித் தேடலில் அது தவறான இடத்தில் தலைகாட்டும். இரண்டாவதே அதிகத் தீங்கு என்பது இக்குறிப்பின் கருத்து.

ஓகஸ்ட் 4

மலையகச் சான்றுகளின் அளவைப் பார்த்தால் பரவல் முறை தேவைதானா என்ற ஐயம் எழுகிறது. மூன்று இலட்சம் பக்கங்களை வருடி, பக்கத்துக்கு மூன்று பத்திகள் எனக் கொண்டாலும் 9 இலட்சம் காவிகள்தாம். ஒரு பிட் சுருக்கத்தில் அவற்றை வலைப்பின்னலே இல்லாமல் முழுமையாக ஒப்பிடவும் ஒரு சாதாரணக் கணினி போதும். எனினும் இங்கே பரவல் வினவலைத் தேவையாக்குவது சுமையன்று, உரிமை. ஒரு நிறுவனம் தன் ஆவணங்களை இன்னொன்றின் சேவையகத்தில் வைக்க விரும்பாது. சில ஆவணங்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களும் குடியுரிமை விவரங்களும் உள்ளன. பெருநிறுவனங்கள் ஒரே சுட்டியை, அதாவது தேடலுக்கான அட்டவணையை, கூறுகளாகப் பிரித்துப் பல கணினிகளில் வைப்பதற்குக் காட்டும் காரணங்களை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தனித்தனியே வாழும் சுட்டிகளை ஒரு கேள்விக்காக மட்டும் கூட்டிவைப்பதே இங்குள்ள வேலை.

ஓகஸ்ட் 11

தொகுக்கும் இடத்தில்தான் சிக்கல் மறைந்திருக்கிறது. அரிதான சொல்லுக்கு அதிக மதிப்பும் எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பும் தர வேண்டும் என்ற கருத்தைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972 இல் முன்வைத்தார். இன்றுவரை சொல் தேடலின் அடித்தளம் அதுவே. ஆனால் "அரிது" என்பது எந்தத் தொகுப்பில் அரிது? ஒவ்வொரு கூறும் தன்னிடமுள்ள ஆவணங்களை மட்டும் எண்ணி மதிப்பிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கற்பனையான இரண்டு தொகுப்புகளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மலையகத் தொகுப்பில் 10,000 ஆவணங்கள், அவற்றில் 4,000 இல் "பெரட்டு" என்ற சொல் இருக்கிறது என்று கொள்க. காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் நிகழ்வு பெரட்டு என்பதால் அச்சொல் அங்கே நிறைந்திருப்பதில் வியப்பில்லை. நாளிதழ்த் தொகுப்பில் 2,00,000 ஆவணங்கள், அச்சொல் 200 இல் மட்டும். சொல் தேடலில் பரவலாகப் பயன்படும் பிஎம்25 சூத்திரத்தின்படி அச்சொல்லின் எடை முதல் தொகுப்பில் ஏறத்தாழ 0.92, இரண்டாவதில் 6.9. அதாவது பெரட்டைப் பற்றி ஒன்றுமே அறியாத தொகுப்பில் அச்சொல்லின் மதிப்பு ஏழரை மடங்கு. ஒரு சொல் ஆவணத்தில் திரும்பத் திரும்ப வருவதால் கிடைக்கும் நன்மைக்கு அச்சூத்திரம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வழக்கமான அமைப்பில், சராசரி நீளமுள்ள ஆவணத்தில் ஒரு முறை வந்ததற்குக் கிடைக்கும் மதிப்பைப்போல் 2.2 மடங்குக்கு மேல் எத்தனை முறை வந்தாலும் உயராது. ஆகவே பெரட்டுக்களத்தைப் பற்றியே நூறு முறை பேசும் மலையகக் கட்டுரை, எங்கோ ஒரு வரியில் அச்சொல்லைத் தொட்டுச் செல்லும் நாளிதழ்ச் செய்தியின் கீழேதான் நிற்கும். கங்காணி, கொழுந்து, லயம், தவறணை என்று தோட்டத்து வாழ்வின் சொற்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி நேரும்: ஒரு துறையை நன்கு அறிந்த சிறு தொகுப்பு, தான் நன்கு அறிந்த அச்சொற்களிலேயே தோற்கும்.

இதற்கு மருந்து பழையதும் எளியதுமாகும். வினவலை அனுப்புமுன் ஒவ்வொரு கூறிடமும் அச்சொல் எத்தனை ஆவணங்களில் உள்ளது என்று மட்டும் கேட்டு, கூட்டுத்தொகையை எல்லாக் கூறுகளுக்கும் திருப்பி அனுப்பி, அதன்படி மதிப்பிடச் சொல்வது. மேற்கண்ட இரண்டையும் சேர்த்தால் 2,10,000 இல் 4,200. எடை இரண்டு இடத்திலும் 3.9 ஆகிவிடும், மலையகக் கட்டுரை தன் இடத்துக்கு ஏறிவிடும். எலாஸ்டிக்சர்ச் தேடுபொறியில் இவ்வசதி உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஆவணங்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் கூறுகளுக்குப் பங்கிடும் இடத்தில் ஒவ்வொரு கூறும் மொத்தத்தின் சிறு படிவமாக இருப்பதால், ஒரு சுற்று அதிகம் கேட்பதை மிச்சப்படுத்துவது பிழையன்று. நிறுவனம் வாரியாகப் பிரிந்த தொகுப்புகளுக்கு அந்தச் சிக்கனம் அநீதியாக மாறுகிறது.

ஓகஸ்ட் 19

காவித் தேடலுக்கு இந்த நோய் இல்லை. இரண்டு காவிகளுக்கு இடையிலான நெருக்கம் அவ்விரண்டையும் மட்டுமே சார்ந்தது. தொகுப்பில் வேறு என்ன இருக்கிறது என்பது அதைப் பாதிக்காது. ஆகவே எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியின் ஒரே பதிப்பைப் பயன்படுத்தினால் அவற்றின் மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தலாம். ஒரு நிறுவனம் மாதிரியை மாற்றினால் அதன் எண்கள் வேறோர் உலகத்து எண்களாகிவிடும்.

அப்படி ஒப்பிட முடியாதபோது கார்மாக், கிளார்க், பியூட்சர் ஆகியோர் 2009 இல் முன்வைத்த தரவரிசை இணைப்பை நாடுவது வழக்கம். மதிப்பெண்ணைப் பாராமல், ஓர் ஆவணம் ஒவ்வொரு பட்டியலிலும் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதோடு 60 ஐக் கூட்டி, அதன் தலைகீழ் எண்களைச் சேர்ப்பது அம்முறை. ஒரே தொகுப்பின் சொற்பட்டியலையும் காவிப்பட்டியலையும் இணைக்க அது மிகப் பொருத்தமானது. வெவ்வேறு தொகுப்புகளின் பட்டியல்களை இணைக்க அதையே எடுத்தால், விடையே இல்லாத தொகுப்பின் முதலாவது ஆவணமும் சரியான விடையுள்ள தொகுப்பின் முதலாவது ஆவணமும் 61 இல் ஒரு பங்கு என்ற அதே மதிப்பைப் பெறும். முதலில் தொகுப்புகளுக்கிடையே மதிப்பெண்ணால் இணைத்து, அதன்பின் சொல்லையும் காவியையும் தரவரிசையால் இணைப்பதே சரியான முறை. வரிசையை மாற்றிச் செய்தாலும் ஏதோ ஒரு விடை வந்துவிடுவதால் பிழை வெளியே தெரிவதில்லை.

ஓகஸ்ட் 27

பலரிடம் கேட்டால் மிக மெதுவாக விடை சொல்பவருக்காக எல்லோரும் காத்திருக்க நேரும். ஜெஃப் டீன், லூயிஸ் பரோசோ ஆகியோர் 2013 இல் காட்டிய கணக்கின்படி, நூற்றில் ஒரு முறை மட்டுமே ஒரு விநாடியைத் தாண்டும் சேவையகங்கள் நூறிடம் ஒரே நேரத்தில் கேட்டால் 63 விழுக்காடு வினவல்கள் ஒரு விநாடியைத் தாண்டும். ஐந்து நிறுவனங்கள் என்றால் அது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஆனால் சிறு காப்பகங்களின் சேவையகம் நூற்றில் ஒரு முறை மட்டும் தாமதிக்கும் என்று நம்புவதற்கில்லை. நூலகங்கள் ஒன்றையொன்று நேரடியாக வினவுவதற்கு இசட்39.50 நெறிமுறையைக் கையாண்ட காலத்திலும் இதே தாமதம் இருந்தது. 2001 இல் வந்த ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை நூல்விவரங்களை முன்கூட்டியே அறுவடை செய்து ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும் வழியைத் தந்தது. அதையே காவிகளுக்கும் நீட்டிப்பதற்குத் தடையில்லை: ஆவணம் உரியவரிடமே இருக்க, பகிர இசைந்த காவிகளும் சொல் எண்ணிக்கைகளும் மட்டும் ஓரிடத்துக்கு வரலாம். காவியிலிருந்து மூலப் பாடத்தின் பெரும்பகுதியை மீட்டெடுக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், பெயர்ப் பதிவேடுகளுக்கு இவ்வழி கூடாது.

செப்டெம்பர் 5

கச்சான் காற்று வீசும் இப்பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறும். "கச்சான் காலத்துத் தேயிலை விலை, 1975 க்கு முன்" என்று ஒருவர் தேடினால், முதற்பகுதி காவிக்கும் இரண்டாவது பகுதி ஆண்டு வடிகட்டிக்கும் உரியது. வலைப்பின்னலில் நடந்துகொண்டே ஆண்டு பொருந்தாதவற்றை ஒதுக்கினால், பொருந்துபவை மிகச் சிலவாக இருக்கும்போது நடை வீணாகிறது; அந்நிலையில் வலைப்பின்னலைக் கைவிட்டு, பொருந்தும் சிலவற்றை மட்டும் நேரடியாக ஒப்பிடுவது வேகமானது. லூசீன் என்ற தேடல் நிரலகம் இம்மாற்றத்தைத் தானாகவே செய்துகொள்கிறது.

செப்டெம்பர் 14

ஒரு மாற்றம் மேம்பாடுதானா என்பதை அளக்க, வினவல்களும் அவற்றுக்குரிய சரியான விடைகளும் முன்கூட்டியே வேண்டும். 1960களில் சிரில் கிளெவர்டன் கிரான்ஃபீல்டில் 1,400 ஆவணங்களுக்கும் 225 வினவல்களுக்கும் அவ்வாறு ஒரு சோதனைத் தொகுப்பை அமைத்தார். மலையகத்துக்கு அத்தகைய தொகுப்பை அமைப்பதானால் கேள்விகளை ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைமார், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், தொழிற்சங்கத் தலைவர்மார், கொழுந்து பறித்த மூதாட்டிகள் ஆகியோரிடமிருந்தே பெற வேண்டும். ஏனெனில் கணினித்துறையினர் தாமே எழுதும் கேள்விகள் பெரும்பாலும் நாளிதழ்த் தமிழில் அமைந்துவிடும், அந்தத் தமிழுக்கு மாதிரி ஏற்கெனவே நன்றாகப் பழகியிருக்கும். கேள்விகளில் ஒரு பகுதி பெரட்டு, பிரட்டு என்று இரு வடிவில் எழுதப்படும் சொற்களைக் கொண்டிருக்க வேண்டும். இன்னொரு பகுதி ஸ்பிரிங்வெளி, ஸ்பிரிங்வேலி என்று பதிவேட்டுக்குப் பதிவேடு மாறும் தோட்டப் பெயர்களை. மூன்றாவது பகுதி விடையே இல்லாத கேள்விகளை. கடைசி வகை இன்றியமையாதது. எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மிக நெருங்கிய ஒன்றைக் காவித் தேடல் எப்போதும் எடுத்துத் தந்துவிடும் என்பதால், எந்தத் தொலைவுக்கு அப்பால் "இல்லை" என்று சொல்ல வேண்டும் என்ற எல்லையை அக்கேள்விகளைக் கொண்டு மட்டுமே குறிக்க முடியும்.