இலஞ்சியில் ஒரு சண்டை விமானம்

பள்ளிக்கூடத்துக்கு ஆகாய விமானம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் ஊரிலும் அநேகர் கேட்டார்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இலஞ்சிக் குமாரனைத் தரிசித்துவிட்டுப் போவதோடு சரி. ஆகாய மார்க்கத்தோடு எங்கள் ஊருக்குள்ள சம்பந்தமெல்லாம் அந்தக் குமாரனுடைய மயில் வாகனம் ஒன்றுதான்! இருந்தும், 1918-ஆம் வருஷத்துச் சண்டை விமானம் ஒன்றை அச்சாக அதே அளவில் மரத்தாலும் துணியாலும் செய்து, பள்ளி முற்றத்தில் நிறுத்துவதென்று நானும் என் மாணவர்கள் பன்னிருவரும் தீர்மானித்திருக்கிறோம். அது பறக்காது, பறக்கவும் வேண்டாம்.

அந்த விமானத்தை ஓட்டியவர் இந்திரலால் ராய் என்னும் வங்காள வாலிபர். 1898 டிசம்பர் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்து, லண்டனில் படித்தவர். கண் பார்வை போதாதென்று விமானப் படையில் முதலில் அவரைத் தள்ளிவிட்டார்கள். தமது மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் வைத்தியர் ஒருவரிடம் மறுபடி பரீட்சை செய்துகொண்டு, 1917-இல் அவர் உள்ளே நுழைந்தார் என்று சொல்வார்கள். அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் சைன்யத்தின் விமானங்களை ஓட்டிய இந்தியர்கள் வெகு சிலரே. அவ்வருஷம் டிசம்பரில் விமானம் விழுந்து காயமுற்ற ராய், படுக்கையில் கிடந்த நாட்களிலும் விமானச் சித்திரங்களாகவே வரைந்து தள்ளினார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை, தனியாகவும் தோழர்களோடு சேர்ந்தும், 10 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார். 22-ந் தேதி பிரான்ஸ் தேசத்து வானத்தில் மாண்டார். வயது 19. என் மாணவர்களுக்கு அண்ணன் வயது.

அவர் ஓட்டிய எஸ். இ. 5-ஏ விமானத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள். முனைக்கு முனை 26 அடி 7 அங்குலம். விமானத்தின் நீளம் 20 அடி 11 அங்குலம். மரச்சட்டங்களைக் கம்பிகளால் இழுத்துக் கட்டி, மேலே லினன் துணியைப் போர்த்தி, 'டோப்' என்ற ஒருவகை வார்னிஷைப் பூசுவார்கள். அது உலர உலரத் துணி மத்தளத் தோல்போல் விறைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் இத்தகைய விமானம் ஒன்றை 1957 முதல் 1959 வரை பழுது பார்த்துப் பறக்கவிட்டவர்களில், பார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் தொழில் பழகிய பையன்களும் உண்டு. அங்கே பையன்களால் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அசலுக்கு உபயோகித்த ஸ்ப்ரூஸ் மரம் இங்கே கிடைக்காது. தேக்கோ கனம். மலைவேம்பைப் பார்க்கலாம் என்று செங்கோட்டையில் ஒரு மரவாடிக்குப் போனோம். முதலாளி விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறினார்.

"வாஞ்சிநாதன் பிறந்த ஊரிலே மரம் வாங்கி, வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்ட விமானத்தையா செய்யப் போறீங்க, ஸார்வாள்?"

கேள்வி நியாயமானது. உடனே ஒரு பையன் வழி சொன்னான்: "இறக்கையில் பிரிட்டிஷ் வட்டத்துக்குப் பதிலாக நம் மூவர்ணத்தைத் தீட்டிவிடலாம், ஸார்!" முதலாளிக்கும் அது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மாண்டவர் மறுத்துப் பேசமாட்டார் என்பதற்காக, அவர் வாயில் நமக்கு வேண்டிய வார்த்தையைப் போடலாமா?

"ராயை வாஞ்சிக்கு அருகே நிறுத்த நான் வரவில்லை, ஐயா. 1911-இல் ஒருவர் அந்த ஆட்சியை எதிர்த்து உயிர் விட்டார். 1918-இல் இன்னொருவர் அதன் படையிலேயே உயிர் விட்டார். அன்று நமக்கென்று விமானப் படை ஏது? இந்திய விமானப் படை தோன்றியதே 1932 அக்டோபர் 8-ந் தேதிதான். 1954-இல் அதன் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி, இந்த ராய்க்கு மருமகன் முறை. இத்தனையையும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீல வட்டத்தை இருந்தபடியே தீட்டுவோம். அது ஏன் அங்கே இருக்கிறதென்பதைப் பக்கத்தில் ஒரு பலகையில் தமிழில் எழுதுவோம்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாஞ்சி பேரும் அந்தப் பலகையிலே வருமா?" என்று கேட்டார்.

"வரும்."

"அப்படின்னா மரம் தாரேன். விலையை மட்டும் குறைக்கச் சொல்லாதீங்க!"

இனி எங்களுக்கு எதிரி சாரல்தான். ஆனி, ஆடியில் குற்றாலத்துக் காற்று வீசினால் எங்கள் வீட்டுக் கதவே ஊதிக்கொண்டு மூட மறுக்கிறது. மெல்லிய சட்டங்களும் பசையும் என்ன பாடு படுமோ? ஆகையால் முதலில் கீழ் இறக்கை ஒன்றை மட்டும் செய்யப்போகிறோம். லினனுக்குப் பதில் காடாத் துணி. அதைச் சாரல் காலம் முழுவதும் பள்ளித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு, சட்டம் வளைகிறதா, துணி தளர்கிறதா என்று வாரந்தோறும் அளந்து நோட்டில் குறிப்பது பையன்களின் பொறுப்பு. தாங்கினால் மற்ற மூன்று இறக்கைகள். ஆவணியில் உடற்கூட்டைத் தொடங்குவோம். தாங்காவிட்டால் பசையை மாற்றி இன்னொரு இறக்கை. மரம்தான் விலைக்குக் கிடைக்கிறதே!