சொல்ல மறுக்கும் திரை

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்மார்ட் டிவி, ஒருமுறை தட்டிக் கொடுத்த வைஃபை கடவுச்சொல்லை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்துக்கொண்டு, மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் யாரையும் கேட்காமல் தானே இணைந்துகொள்கிறது. அந்தக் கடவுச்சொல் என்னவென்று வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் அது வாய் திறப்பதில்லை. புதுக் கைப்பேசி வாங்கிய நாளிலோ, விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் முன்பே பாஸ்வேர்டு கேட்கும்போதோ, டிவியில் படம் ஓடுகிறது, ஆகவே அது டிவிக்குத் தெரிந்திருக்கத்தானே வேண்டும் என்ற நியாயமான கணக்கில் அமைப்புகள் பகுதியைத் திறப்போர், வலையின் பெயரையும் சிக்னலின் வலிமையையும் ஒரு முகவரி எண்ணையும் காண்கிறார்களே தவிர, தேடி வந்ததைக் காண்பதில்லை. சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், பல நிறுவனத் தொலைக்காட்சிகளில் இயங்கும் கூகுள் டிவி ஆகிய இயங்குதளங்கள், அதாவது தொலைக்காட்சியின் மொத்த வேலையையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்கள், சேமித்து வைத்த கடவுச்சொல்லைக் காட்டும் வசதியைத் தருவதில்லை. ரிமோட்டின் அம்புக்குறியால் எழுத்து எழுத்தாக நகர்ந்து தட்டும்போது புள்ளிகளை எழுத்துகளாக மாற்றிக் காட்டும் சிறு கட்டம் ஒன்று பல மாதிரிகளில் உண்டு. இணைப்புக் கிடைத்ததும் அதுவும் மறைந்துவிடும்.

இந்த மௌனத்தைக் குறை என்று சொல்வதற்கில்லை. கைப்பேசி ஒருவருடைய சட்டைப்பையில் இருப்பது. தொலைக்காட்சியோ வீட்டுக்கு வருகிற எவரும் ரிமோட்டை எடுக்கக்கூடிய இடத்தில், பத்தடி தூரத்திலிருந்து படிக்கக்கூடிய எழுத்தளவில் இருப்பது. அதற்கும் அப்பால் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. 2004-இல் வந்து இன்றும் பெரும்பாலான வீடுகளில் புழங்கும் டபிள்யூபிஏ2 என்னும் பாதுகாப்பு முறையில், 8 முதல் 63 எழுத்துகள் வரை அமையும் கடவுச்சொல், வலையின் பெயரோடு சேர்த்து 4,096 முறை கணக்கீட்டுச் சுழற்சிக்கு உட்படுத்தப்பட்டு, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியாக மாறுகிறது. தொலைக்காட்சிக்கும் ரூட்டருக்கும் இடையே நடக்கும் நான்கு கட்டக் கைகுலுக்கலில் இருபுறமும் தம்மிடம் அதே சாவி இருப்பதை மெய்ப்பித்துக்கொள்கின்றனவேயன்றி, கடவுச்சொல் ஒருபோதும் காற்றில் செல்வதில்லை. ஆகவே இணைந்துகொள்ள டிவிக்குச் சாவி போதும், சாவியிலிருந்து கடவுச்சொல்லுக்குத் திரும்பிச் செல்ல நேர்வழி கிடையாது. வலையின் பெயரும் சேர்ந்தே சாவி பிறக்கிறது என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இடி விழுந்த மறுநாள் அது பயன்படும்.

காற்றில் வருவதைப் பூட்டி வைப்பது என்பதே இந்தக் கூடங்கள் இருக்கும் நாகர்கோவிலுக்கு அண்மைக்காலப் பழக்கம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. பண்பலையில் 101 மெகாஹெர்ட்ஸில் அது ஒலிபரப்பியதை, பெட்டி வைத்திருந்த எவரும் கேட்கலாம். அதே காலத்தில் மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, முற்றத்தில் நிற்பவர் செய்தியைக் கைமாற்ற, கூடத்தில் இருப்பவர் 'போதும், போதும்' என்று கத்த, திருவனந்தபுரம் தூர்தர்ஷனும் இலங்கையின் ரூபவாஹினியும் புள்ளிகளுக்கு நடுவே தெரிந்தன. படம் வராததன் காரணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது. அதைச் சரிசெய்யும் வித்தையும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வைஃபையும் வானொலி அலைதான், அலைவரிசை மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ். வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய தேசத்தில், குறைந்த திறனுடைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் அரசு விதி வகுத்தது. அன்று முதல் இந்த அலைகளை யார் பயன்படுத்தலாம் என்பதை வீடுதோறும் ஒரு கடவுச்சொல்லே தீர்மானிக்கிறது.

அந்தக் கடவுச்சொல் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்தில், படிப்பு பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க, நாகர்கோவிலின் வடசேரியிலும் பார்வதிபுரத்திலும் பெரிய வீடுகளில் பெற்றோர் இருவர் மட்டும் தங்குவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வீட்டு இணைப்பைக் கொடுத்தவர் கேபிள்காரர் அனுப்பிய பையன். பிஎஸ்என்எல் உட்படப் பல நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பு, உள்ளூர்க் கேபிள் நடத்துநர்கள் போன்ற பங்குதாரர்கள் வழியாகவே பல வீடுகளுக்கு வருகிறது. டிவியில் கடவுச்சொல்லைத் தட்டியவர் லீவில் வந்திருந்த மகன். வீட்டில் இருப்பவர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்று சொல்வது சரியன்று, அவர்களிடம் அது சொல்லப்படவே இல்லை. ஆகவே இரவு எட்டு மணித் தொடர் நின்றுபோனதும் 'மக்களே, டிவியில நெட்டு கிட்டல' என்று அழைப்பு துபாய்க்குப் போகிறது. அங்கே மணி ஆறரை, மகன் அலுவலகத்திலிருந்து திரும்பும் வண்டியில் இருப்பான். ஆன்டெனாவைத் திருப்பத் தெரிந்திருந்த அதே தலைமுறை, இப்போது பெட்டியின் விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்பதைத் தொலைபேசியில் வர்ணித்துக்கொண்டு நிற்கிறது. மூப்பினால் நேர்ந்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வீட்டைப் பற்றிய அறிவு வீட்டை விட்டு வெளியேறியதன் விளைவு இது.

பையன் வைத்த கடவுச்சொல் பெரும்பாலும் வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணாகவே இருக்கும் என்பது தமிழகம் முழுக்கப் பொதுவான நடைமுறை. கண்டுபிடிக்க வேண்டியவர் முதலில் அதையே முயன்று பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். கேடு என்னவென்றால், அயலாரும் அதையே முதலில் முயல்வார்கள். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றில் தொடங்குவதால், பத்திலக்க எண்கள் மொத்தம் 400 கோடிக்கு மேல் இருக்க இயலாது. வீட்டருகே நின்று மேற்சொன்ன கைகுலுக்கலைப் பதிவு செய்துகொண்டு போகும் ஒருவர், கணினி விளையாட்டுக்கென விற்கப்படும் உயர்தரக் கிராபிக்ஸ் அட்டை ஒன்றைக்கொண்டு அத்தனை எண்களையும் ஒரு மணி நேரத்துக்குள் ஒப்பிட்டு முடித்துவிடலாம். கல்யாணப் பத்திரிகையிலும் கடை ரசீதிலும் அச்சாகிற எண் அது என்பதால், அவ்வளவு சிரமத்துக்குக்கூடத் தேவையிராது.

கைப்பேசி எண் பலிக்காதபோது கேட்க வேண்டிய இடம், டிவியை விட்டுவிட்டு, ஏற்கெனவே இணைந்திருக்கும் வேறொரு கருவி. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை அமைப்பில் இணைந்துள்ள வலையின் பெயரைத் தொட்டு 'பகிர்' என்பதைத் தேர்ந்தால் க்யூஆர் கட்டமும், பல கைப்பேசிகளில் அதன் கீழே கடவுச்சொல்லும் தெரியும். 2022-இன் ஐஓஎஸ் 16 முதல் ஐபோனும் காட்டுகிறது. விண்டோஸ் மடிக்கணினியில் வலையின் பாதுகாப்புப் பண்புகளில் எழுத்துகளைக் காட்டு என்னும் கட்டத்தைத் தொட்டால் போதும். இவை எதுவும் இல்லாத வீட்டில், மோடம் என்று பொதுவாக அழைக்கப்படும் ஃபைபர் பெட்டியின் முதுகில் ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். பெட்டியைச் சுவரோடு சுவராக அறைந்திருப்பதால் அதைப் படிக்க ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும், அல்லது கைப்பேசிக் கேமராவை இடுக்கில் நுழைத்துப் படமெடுக்க வேண்டும். அதில் அச்சிட்டிருப்பது ஆலையில் வைத்த கடவுச்சொல். பையன் மாற்றியிருந்தால் அது செல்லாது. அதே தாளில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்கான பெயரும் கடவுச்சொல்லும் தனியே இருக்கும்: கைப்பேசி உலாவியில் 192.168.1.1 போன்ற முகவரியைத் தட்டினால் வரும் பக்கம் அது, அங்கே நுழைந்தால் வைஃபை கடவுச்சொல்லைப் பார்க்கவும் மாற்றவும் முடியும். இணைய நிறுவனம் சந்தாதாரருக்குக் கொடுத்த கணக்கின் கடவுச்சொல் மூன்றாவது; அது பெட்டிக்குள்ளேயே பதிந்து கிடப்பது. மூன்றையும் ஒரே பெயரால் குறிப்பதால், கேபிள்காரர் ஒன்றைக் கேட்க வீட்டுக்காரர் மற்றொன்றைச் சொல்லி இருவரும் சலித்துக்கொள்வது நடக்கிறது.

பெட்டியின் பின்புறம் குண்டூசி நுழையும் அளவில் இருக்கும் ரீசெட் துளையைப் பற்றி எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்தினால் விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிய, பெட்டி ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பி, ஒட்டுத்தாளின் கடவுச்சொல் மறுபடி செல்லுபடியாகும்; கடையில் வாங்கிய தனி ரூட்டருக்கு இது போதுமான மருந்து. ஃபைபர் பெட்டியிலோ பல வேளை அந்தச் சந்தாக் கணக்கும் சேர்ந்தே அழிந்துவிடும். அதன் பிறகு வைஃபை கிடைக்கும், இணையம் கிடைக்காது. கண்ணாடி இழை வழியே ஒளி வருவதைக் காட்டும் விளக்கு பச்சையாகவே எரிய, இணைய விளக்கு மட்டும் அணைந்திருக்கும், கேபிள்காரர் வந்து கணக்கை மறுபடி பதிந்தாலன்றி வழி பிறக்காது. கடவுச்சொல்லைத் தேடப்போய்த் தொலைக்காட்சியையே ஆலை நிலைக்குத் திருப்புகிறவர்களும் உண்டு. சாம்சங்கில் அதற்குக் கேட்கும் எண் பெரும்பாலும் 0000 என்பதால் தடையும் பெரிதாக இல்லை. செயலிகளும் கணக்குகளும் போவதைத் தவிர அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இணைப்பில் கோளாறு என்றால் பல மாதிரிகளில் வலை அமைப்பை மட்டும் மீட்டமைக்கும் வசதி தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்தினாலும் கடவுச்சொல்லை மறுபடி தட்டித்தான் ஆக வேண்டும்.

இரு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால், ஐப்பசி கார்த்திகை இடி இங்கே ரூட்டர்களைத் தவறாமல் காவு வாங்குகிறது. செம்புக் கம்பியில் தொலைபேசி வழியே இணையம் வந்த காலத்தில் மேகம் கறுத்ததும் மோடத்தின் ஒயரைப் பிடுங்கிப் போடும் பழக்கம் இருந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்ற நம்பிக்கையில் அப்பழக்கம் கைவிடப்பட்டது. நம்பிக்கை சரியானதே, ஆனால் பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் சுவர்ப் பிளக்கில்தானே இருக்கிறது. பெட்டி கருகிப் புதியது வரும்போது பையன் புதுப் பெயரும் புதுக் கடவுச்சொல்லும் வைத்துவிட்டுப் போவான்; அதன் பிறகு டிவி, கண்காணிப்புக் கேமரா, இரண்டு கைப்பேசிகள், மேல்மாடிப் பிரிண்டர் என ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவனிடம் பழைய வலைப் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும், ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட அப்படியே வைக்கச் சொன்னால் இந்த வேலை எதுவுமே இல்லை. சாவி இவ்விரண்டிலிருந்து மட்டுமே பிறப்பதால், பாதுகாப்பு முறையும் அதுவாகவே இருக்கும்வரை, பெட்டி மாறியது டிவிக்குத் தெரியவே தெரியாது. டபிள்யூபிஏ3 என்னும் 2018-இன் முறையை மட்டும் அனுமதிக்கும்படி புதுப் பெட்டி வைக்கப்பட்டிருந்தாலோ, 2.4-ஐ விடுத்து 5 கிகாஹெர்ட்ஸ் வலையை மட்டும் பரப்பினாலோ, பழைய டிவி கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையாமல் போகலாம். இரண்டும் அமைப்பில் மாற்றக்கூடியவையே.

கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாது என்று அலுவலகங்களில் சொல்லிக்கொடுத்த பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தத் தொல்லைகளில் பாதிக்குக் காரணம். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுமாறு சொன்னார். எளிதாக நினைவில் நிற்பது எளிதாக ஊகிக்கவும் படும் என்பதே அவர் வாதம். வைஃபையைத் திருட வருகிறவர் தெருவில் நிற்பவர், கூடத்துக்குள் வந்து காகிதத்தைப் படிப்பவர் அல்லர். மின்வாரியத்துக் கணக்கெடுப்பாளர் ரீடிங் எழுதும் அட்டையைப் பத்திரமாக வைக்கத் தெரிந்த வீடுகள் இவை. அந்த அட்டையின் பின்பக்கத்தில் வலைப் பெயர், கடவுச்சொல், நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல், சந்தா எண், கேபிள்காரரின் எண் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வைத்தால், நீளமான கடவுச்சொல் வைக்கவும் அச்சமிருக்காது. பையன் ஏணியிலிருந்து இறங்கியதும் கையோடு எழுதி வாங்குவது நல்லது.

மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டு, ஒரே இணைப்பை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் மட்டும் கணக்கு சற்றுச் சிக்கலாகிறது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரையே காவல்துறை முதலில் தேடிவரும் என்பதால், குடியிருந்தவர் காலிசெய்துபோன பின் கடவுச்சொல்லை மாற்றுவது முறை. பல பெட்டிகளில் விருந்தினருக்கெனத் தனி வலை பரப்பும் வசதி உண்டு. மாடிக்கு அதைக் கொடுத்துவிட்டால், ஆள் மாறும்போது அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றலாம், வீட்டுக்காரரின் டிவி தொந்தரவில்லாமல் பழைய வலையிலேயே இருக்கும். விருந்தினர் வலையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி பெரும்பாலும் பிரித்து வைக்கப்படுவதால், மாடியில் இருப்பவர் தம் கைப்பேசியில் ஓடும் படத்தைத் தம்முடைய டிவிக்கு அனுப்ப முடியவில்லை என்று ஒரு மாதத்தில் புகார் சொல்வார். அந்தப் பிரிப்பைத் தளர்த்தும் அமைப்பு நிர்வாகப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் அவர் தனி இணைப்பு வாங்கிக்கொள்வதே இருவருக்கும் நல்லது.