முழங்காலிட்டு ஆடிய ஆட்டம்

திலகரத்ன டில்ஷானின் அந்த அடியைப் பற்றி எங்கள் அப்புத்தளைக் கடைவீதியில் இன்றும் இரண்டு கட்சிகள் உண்டு. வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருகிறார். டில்ஷான் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் குனிந்து, முகத்துக்கு நேரே வரும் பந்தை அகப்பையால் அள்ளுவதுபோல் ஏந்தி, விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலால் அனுப்பிவிடுகிறார். அங்கே காவலுக்கு ஆளில்லை, நான்கு ஓட்டங்கள். 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த இருபதுக்கு-20 உலகக் கிண்ணத்தில் உலகம் இதைக் கண்டு வியந்து, 'டில்ஸ்கூப்' என்று அவர் பெயரையே அதற்குச் சூட்டியது.

"இது வெளையாட்டில்ல, சர்க்கஸ்" என்பார்கள் ரோய் டயஸின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள். "ஆளில்லாத எடத்தக் கண்டுபிடிக்கிறவன்தான் ஆட்டக்காரன்" என்பார்கள் இளையவர்கள். நான் இளையவர்களின் கட்சி. தேயிலைச் சரிவில் விளையாடிப் பழகியவர்கள் நாங்கள். பந்து பள்ளத்தில் விழுந்தால் ஆட்டமிழப்பு என்பது எங்கள் சட்டம். மேட்டுப் பக்கம் தட்டிவிடுவதற்காகக் குனிந்தோம், வளைந்தோம். அழகு பார்க்க எங்களுக்கு எங்கே சமதரை இருந்தது?

ஆனால் இந்த வாதம் அடியோடு நிற்பதில்லை, ஆளிடம் போய்விடும். மாலிங்கவென்றால் தலைமயிரின் வர்ணம். சனத் ஜயசூரியவென்றால் 2010இல் அவர் பாராளுமன்றம் போனது. முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து வந்தவர் என்று பெருமைப்படும் தோட்டத்து நண்பர்களே, அவருடைய அரசியல் பேச்சுகளுக்காக அவரோடு கோபித்தும் கொள்வார்கள்.

டில்ஷானென்றால் பேச்சு பெயரில் போய் முட்டும். மலாய்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, துவான் முஹம்மத் டில்ஷான் என்று பெயரிடப்பட்டவர். பெற்றோர் பிரிந்தபின் திலகரத்ன முதியன்சலாகே டில்ஷான் ஆனார். "நம்மட புள்ளதானே" என்று நம்மில் சிலர் உரிமை கொண்டாடுவதும், "பேர மாத்திட்டானே" என்று அதே மூச்சில் குறைபடுவதும் நான் பலமுறை கேட்டவை. 2014இல் தம்புள்ளையில் பாகிஸ்தான் வீரர் ஒருவர் மைதானத்தில் வைத்தே அவரிடம் மதத்தைப் பற்றிப் பேசியது ஒளிபரப்பில் பதிவாகிச் சர்ச்சையானபோது, இந்தப் பேச்சு மறுபடியும் சூடுபிடித்தது.

அப்போதெல்லாம் எனக்கு 2009 ஜூன் 21 இரவுதான் நினைவுக்கு வரும். யுத்தம் முடிந்து ஒரு மாதம். லாகூரில் எங்கள் அணியின் பஸ் வண்டி சுடப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. லோர்ட்ஸ் மைதானத்தில் இலங்கையும் பாகிஸ்தானும் இறுதிப் போட்டியில். அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 96 ஓட்டங்கள் எடுத்திருந்த டில்ஷான், முதல் ஓவரிலேயே முஹம்மத் ஆமிரின் எகிறி வந்த பந்தைப் பின்பக்கம் தூக்கப் போய்ப் பிடிகொடுத்தார். பூச்சியம். தேநீர்க் கடையில் எல்லோரும் தலையில் கைவைத்தோம். அந்த நேரம் பார்த்து, நன்றாகப் பழகிய ஒருவர் கேட்டார்: "நானாமாருக்கு என்ன, எந்தப் பக்கம் வென்டாலும் பெருநாள்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள், கடைக்கார நானாவும் சிரித்தார். பாகிஸ்தான் எட்டு விக்கெட்டுகளால் வென்றது. தோற்ற கவலையை நாங்கள் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்கள் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

பெயரை வைத்து மனதை அளக்கும் அந்தக் கேள்வி எவ்வளவு கசப்பானது என்று தெரிந்த நாமே, டில்ஷானிடம் அதைக் கேட்கலாமா? அவர் பெயர் அவருடைய வீட்டுக் கதை. குடும்பம் பிரிந்த ஒரு பிள்ளையின் கதையும்கூட. நம் முன்னால் அவர் வைத்தது ஆட்டத்தை மட்டும்தான். அதை எவ்வளவும் அளக்கலாம். இறுதிப் போட்டியில் அந்த அடி தேவையா என்று கேட்கலாம். 317 ஓட்டங்களோடு அத்தொடரின் சிறந்த வீரராக அவரே தெரிவானதைச் சொல்லி மறுக்கலாம். 2011 உலகக் கிண்ணத்தில் 500 ஓட்டங்களோடு எல்லோருக்கும் மேலே நின்றதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2016இல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சர்க்கஸா விளையாட்டா என்ற வழக்கு மட்டும் எங்கள் தேநீர்க் கடையில் தீர்ப்பில்லாமல் நடக்கிறது. அது நடக்கட்டும்; அந்த வழக்கில் எந்தக் கட்சியில் இருக்கவும் யாரும் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.