உதைத்த கணக்கு

திண்டிவனத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் கல்லாவில் பத்து ரூபாய் உதைத்தால், அது எங்கே போனதென்று தெரியாமல் விழுப்புரம் ரயிலைப் பிடிக்க மாட்டேன். அப்படிப்பட்டவன், இரண்டரை வருஷம் சொந்தக் கணக்கை ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

2021 கடைசியில் ரயில் சிநேகிதர் ஒருவர் போனில் ஆடும் ஆன்லைன் போக்கர் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. "இது மூளை ஆட்டம் சார்" என்றார். 200 ரூபாய் இருந்தால் உட்காரலாம். ஒரு சினிமாச் செலவுதானே என்று நினைத்தேன். முண்டியம்பாக்கத்தில் ஆரம்பித்தால் மயிலம் வருவதற்குள் இருபது ஆட்டம் முடிந்துவிடும். பிறகு ரயில் போதவில்லை. மொட்டைமாடி, நடுராத்திரி என்று நீண்டது.

கையில் இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் என்பதெல்லாம் மனப்பாடம். அந்தப் படிப்பு ஒரு திமிரைக் கொடுத்தது. லாட்டரியைத் தமிழ்நாடு 2003இலேயே தடை செய்துவிட்டாலும், மூணு நம்பர் எங்கள் ஊரில் கள்ளத்தனமாக ஓடியது. அந்தக் கடனில் 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே போனது. ஊரே உறைந்து நின்ற நாள் அது. 'அவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பினார்கள், நான் கணக்குப் போட்டு ஆடுகிறேன்' என்று அதன் பிறகும் என்னால் நினைக்க முடிந்தது. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

2023 ஏப்ரலில் தமிழக அரசின் தடைச் சட்டம் வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அது பட்டியலிட்டிருந்தது. கொஞ்ச நாள் நிறுத்தினேன். நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தப் பட்டியலை ரத்து செய்தது. "பாத்தியா, கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று மனைவியிடம் பேப்பரைக் காட்டினேன். திறமை சரி, யாருடைய திறமை என்று மட்டும் யோசிக்கவில்லை.

2024 மே மாதம் ஒரு கடனுக்காக பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தேன். கூட்டிப் பார்த்தவள் மனைவிதான். ஆட்டத்துக்குப் போனது 1,86,400 ரூபாய். வந்தது 71,250. மீதி 1,15,150 ரூபாய் எங்கே?

"மண்டிக் கணக்குன்னா ராத்திரி எட்டு மணி ஆனாலும் விட மாட்டீங்க. இது மட்டும் எப்படிங்க விட்டுச்சு?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

அன்று ராத்திரி பேரேட்டுத் தாளில் எழுதினேன். ஆறு பேர், ஆளுக்கு 200, டேபிளில் 1,200 ரூபாய். மணிக்கு அறுபது ஆட்டம். சராசரியாக ஒரு ஆட்டத்தில் 40 ரூபாய் சேரும். அதில் நூற்றுக்கு ஐந்து கம்பெனிக்கு 'ரேக்'. அதாவது இரண்டு ரூபாய். மணிக்கு 120. பத்து மணி நேரம் அதே ஆறு பேர் ஆடினால், யார் ஜெயித்தாலும் அந்த 1,200 ரூபாயும் கம்பெனியிடம் போயிருக்கும். மண்டியில் தரகு எவ்வளவு என்று கேட்காமல் யாராவது மூட்டையை இறக்குவார்களா? நான் இறக்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. லாட்டரியில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே அதிர்ஷ்டம். திறமை ஆட்டத்தில் அப்படி இல்லை. நம்மைவிடத் தேர்ந்தவன் எதிரே உட்கார்ந்தால், ஆட ஆடத் தோற்பது உறுதி. எதிரே யார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. திறமை என்ற சொல் எனக்குப் பாதுகாப்பு தரவில்லை. தோற்ற பிறகும், 'அடுத்த தடவை நன்றாக ஆடலாம்' என்று திரும்ப உட்காரத்தான் வைத்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் நாடாளுமன்றமே தடை செய்தது. ரயில் சிநேகிதர் புலம்பினார். நான் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் முண்டியம்பாக்கம் வந்தால் கட்டை விரல் இன்னும் லேசாகத் துடிக்கும்.

இப்போது சொந்தச் செலவுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 1,15,150 என்று எழுதி, பற்றுப் பக்கம் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.