நடைவழியும் வீடே

நான் மும்பையில் வரலாறு பயிலும் மாணவி. வொர்லியில் உள்ள பி.டி.டி. சால்களே என் ஆய்வுப் பொருள். நீண்ட நடைவழியை ஒட்டி ஒற்றையறை வீடுகள் அமைந்த கட்டடத்தை இங்குச் 'சால்' என்பர். 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை இத்தகைய கட்டடங்கள் 200க்கும் மேல் எழுப்பியது. ஒவ்வொன்றிலும் நான்கு தளங்கள். ஒரு தளத்திற்கு 20 அறைகள். ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி. பஞ்சாலைத் தொழிலாளர் பலர் அவற்றில் குடியேறினர்.

இவ்வளவையும் ஆவணங்கள் கூறின. அச்சிற்றறையில் ஒரு குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அவை கூறவில்லை. அங்கு வாழும் மூதாட்டி ஒருவரிடம் மராத்தியில் வினவினேன்.

"பகலில் நடைவழியில் அமர்ந்து அரிசி புடைப்போம், மாலையில் பிள்ளைகள் அங்கேயே படிப்பார்கள், இரவில் ஆண்கள் அங்கே உறங்குவார்கள். அறை சிறியதுதான், மகளே. ஆனால், நடைவழி முழுவதும் எங்கள் வீடுதானே!" என்றார்.

இன்று இச்சால்கள் இடிக்கப்படுகின்றன. குடியிருப்போருக்கு உயர்ந்த அடுக்ககங்களில் 500 சதுர அடி வீடுகள் வழங்கப்படுகின்றன. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை அமைவது பெரும் நன்மை. மூதாட்டியும் அதனை ஆவலுடன் எதிர்நோக்குகிறார். ஆயினும், கட்டடத்தின் வரைபடத்தில் நடைவழிக்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு. அங்கு நிகழ்ந்த வாழ்வு முதியோர் நினைவில்தான் உள்ளது. அவர்கள் வீடு மாறிச் செல்லுமுன் அதனைக் கேட்டு எழுதிவிட விரைகிறேன்.